மனத்தில் கட்டிய மெஜாரிட்டி

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், ஆவடியையும் பட்டாபிராமையும் தாண்டினால் வருவது திருநின்றவூர். வைஷ்ணவர்களுக்கு இது நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. பக்தவத்சலப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் தலம். சைவர்களுக்கோ இது பூசலார் நாயனாரின் ஊர்.

பூசலார் பரம ஏழை. சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். எங்கெங்கோ அலைந்தும் பொருள் சேரவில்லை. அதனால் மனம் தளர்ந்துவிடாமல், கோயிலை மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்தார், தச்சரை வரவழைத்தார், நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டார், விமானம் எழுப்பினார், மதிலும் குளமும் அமைத்தார். கும்பாபிஷேகத்துக்கும் நாள் குறித்தார். அதே நாளில்தான் காடவர்கோன் என்னும் பல்லவ மன்னன், காஞ்சியில் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடத்த இருந்தான். முதல் நாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, “நாளை யாம் நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டாராம். மன்னன் நின்றவூருக்கு ஓடி வந்து, “அந்தக் கோயில் எங்கே?” என்று கேட்டான். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அது ஒருவர் நெஞ்சுக்குள் இருந்த கோயில் அல்லவா?

கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது ஒன்று; எதை நம்புவது? காடவர்கோனுக்கு வந்த இந்தச் சோதனை, 1952-ஆம் ஆண்டில் சென்னை கவர்னருக்கு வேறொரு உருவத்தில் வந்து சேர்ந்தது. மன்னனுக்காவது கனவில் வந்து வழி சொல்ல ஒருவர் இருந்தார். கவர்னருக்கு அந்த வசதியும் இல்லை.

எவரும் ஜெயிக்காத தேர்தல்

சுதந்திர பாரதத்தின் முதல் பொதுத் தேர்தல் சென்னை ராஜ்யத்தில் 1952 ஜனவரியில் நடந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வோட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வோட்டுப் போட வேண்டும் என்பதற்காக, ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கதிரும் அரிவாளும். கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

அந்தக் காலத்துச் சென்னை ராஜ்யம் இன்றைய தமிழ்நாட்டைவிட மிகவும் விரிந்தது. ஆந்திர ஜில்லாக்கள், மலபார், தென் கன்னடம் எல்லாம் அதில் அடக்கம். சட்டசபையில் மொத்தம் 375 ஸ்தானங்கள். ஆட்சி அமைக்க 188 பேர் வேண்டும். பெட்டிகளைத் திறந்து எண்ணியபோது, காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. தமிழ்ப் பகுதியில் 96 இடங்கள் வந்தன. ஆந்திரப் பகுதியில் 43. மலபாரில் வெறும் 4. முதல் மந்திரி குமாரசாமி ராஜா தோற்றார். பெஜவாடா கோபால ரெட்டி, பக்தவத்சலம் உள்ளிட்ட மந்திரிகள் பலரும் தோற்றார்கள். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள். பிரஜா கட்சிக்கு 35. சுயேச்சைகள் மட்டும் அறுபதுக்கு மேல்.

திருநின்றவூர் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவிலும் வட ஆர்க்காட்டிலும் மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சிக்குச் செல்வாக்கு உண்டு. அது 6 இடங்களைப் பெற்றது. தென் ஆர்க்காடு, சேலம் பக்கத்தில் வலுவாக இருந்த, ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள். இரண்டும் காங்கிரஸை எதிர்த்து நின்று வென்ற கட்சிகள். சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தராசு நேராக நிற்கும்போது ஒரு குன்றிமணியும் தட்டைச் சாய்த்துவிடும் என்பதைப் பிற்பாடு எல்லோரும் பார்த்தார்கள்.

கவர்னரின் கணக்கு

அந்தச் சமயத்தில் சென்னைக்குக் கவர்னராக வந்து சேர்ந்தவர் ஸ்ரீ பிரகாசா. காசியைச் சேர்ந்தவர், பேரறிஞர் பகவான் தாஸின் புதல்வர், பாகிஸ்தானில் இந்தியாவின் முதல் ஹை கமிஷனராக இருந்தவர். 1952 மார்ச்சில் பதவி ஏற்ற அவருக்கு, வந்ததும் வராததுமாக இந்தச் சிக்கல் காத்திருந்தது.

எதிர்க்கட்சிகள் சும்மா இருக்கவில்லை. கம்யூனிஸ்டுகளும் பிரஜா கட்சியாரும் வேறு சிலரும் சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றை அமைத்தார்கள். ஆந்திர கேசரி பிரகாசத்தைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தங்களுக்கு 166 பேருடைய ஆதரவு இருக்கிறது என்றும், காங்கிரஸைவிடத் தாங்களே அதிகம் என்றும், தங்களைத்தான் கவர்னர் அழைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

காங்கிரஸில் தலைவர் தட்டுப்பாடு. இருந்தவர்களில் பலர் தோற்றுப்போயிருந்தார்கள். ஆகவே எல்லோருடைய பார்வையும் ராஜாஜியின் பக்கம் திரும்பியது. அவர் இந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஜெனரலாக இருந்து, பிறகு டில்லியில் உள்நாட்டு மந்திரியாகவும் இருந்து, ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்திருந்தவர். வயது எழுபத்து மூன்று. முதல் மந்திரியாவதற்குச் சட்டசபையில் ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் பெற வேண்டும். கவர்னர் ஒரே வீச்சில் அந்த முடிச்சையும் அவிழ்த்தார். இலக்கியம், கலை, சமூக சேவை முதலிய துறைகளில் சிறந்தவர்களை மேல்சபைக்கு நியமிக்கக் கவர்னருக்கு அரசியல் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1952 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ராஜாஜி மேல்சபை அங்கத்தினராக நியமிக்கப்பட்டார். ஏப்ரல் 10-ஆம் தேதி முதல் மந்திரியாகப் பதவி ஏற்றார்.

ஊரில் பேச்சு இரண்டு பட்டது. “எண்ணிக்கையில் முதலில் நிற்கும் கட்சியை அழைப்பதில் என்ன தவறு? தேர்தலுக்குப் பிறகு அவசரமாகக் கூடிய கூட்டணிக்கு எத்தனை நாள் ஆயுள்?” என்றது ஒரு கட்சி. “166 பெரிதா, 152 பெரிதா? ஜனங்களிடம் வோட்டுக் கேட்காத ஒருவர் கொல்லைப்புற வழியாக வந்து முதல் மந்திரி ஆகலாமா?” என்றது மற்றொரு கட்சி. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி இந்த நியமனத்தை எதிர்த்துச் சென்னை ஹைகோர்ட்டுக்கே போனார். அப்போது அங்கே பிரதம நீதிபதி பி. வி. ராஜமன்னார். மனு தள்ளுபடியாயிற்று.

மனக்கோயில் சபைக்கு வந்தது

கவர்னர் அழைத்த அன்று ராஜாஜியின் பின்னால் 188 பேர் இல்லை. ஆனால் ராஜாஜி வந்தால் அத்தனை பேர் சேருவார்கள் என்று ஸ்ரீ பிரகாசா தம் மனத்தில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பூசலார் கோயிலை மனத்தில் கட்டியதைப் போல், கவர்னர் ஒரு மெஜாரிட்டியை மனத்தில் கட்டினார் என்று சொன்னால் தவறில்லை. வித்தியாசம் ஒன்றுதான். பூசலாரின் கோயிலுக்கு இறைவனே சாட்சி. கவர்னரின் மெஜாரிட்டிக்குச் சட்டசபைதான் சாட்சி சொல்ல வேண்டும்.

அந்தச் சாட்சி 1952 ஜூலை 3-ஆம் தேதி கிடைத்தது. நம்பிக்கை வோட்டில் ராஜாஜிக்கு ஆதரவாக 200 பேர். எதிராக 151 பேர். இடையில் நடந்தது என்ன? மாணிக்கவேலு நாயகர் மந்திரி சபையில் சேர்ந்துவிட்டார். உழைப்பாளர் கட்சி ஆதரவு தந்தது. முஸ்லிம் லீகின் ஐந்து பேரும் ஆதரித்தார்கள். எதிர் வரிசையிலிருந்து சிலர் காங்கிரஸுக்கே வந்துவிட்டார்கள். ஜூன் மாதத்தில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும், ரேஷன் கடை வாசலில் நின்று அலுத்துப்போயிருந்த ஜனங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆக, கவர்னரின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. பதவி ஏற்ற நாளிலிருந்து நம்பிக்கை வோட்டு வரையில் 84 நாட்கள். அதிகாரம் ஒரு கையில் இருக்கும்போது, அந்தக் கையைத் தேடி ஆதரவு வருவதில் ஆச்சரியம் இல்லை. அதே 84 நாட்கள் பிரகாசத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் 166 என்பது 188 ஆகியிருக்குமா? அதற்கு விடை சரித்திரத்தில் இல்லை. செங்கல்பட்டு ஜில்லாவில் காங்கிரஸை எதிர்த்துக் காமன்வீல் கட்சிக்கு வோட்டுப் போட்ட குடியானவன், தன் வோட்டு காங்கிரஸ் மந்திரி சபையைத் தாங்கும் தூணாக மாறியதைப் பார்த்தான். அவனை யாரும் மறுபடி ஒரு முறை கேட்கவில்லை.

ராஜாஜியின் மந்திரி சபை 1954 வரை நடந்தது. நடுவில், 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. குலக் கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கிய பள்ளித் திட்டத்தால் எழுந்த எதிர்ப்பு ராஜாஜியை விலக வைத்தது. 1954 ஏப்ரலில் காமராஜ் வந்தார். அவருடைய மந்திரி சபையில் படையாட்சியாரும் மாணிக்கவேலு நாயகரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்; இருவருடைய கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. 1955 ஜனவரியில் திருநின்றவூருக்கு நாலைந்து மைல் தொலைவிலுள்ள ஆவடியில் அகில இந்தியக் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 1957 தேர்தலில் 205 இடங்களில் 151 காங்கிரஸுக்கு. ஐந்து வருஷத்துக்கு முன் கவர்னரின் தயவில் நின்ற கட்சிக்கு இப்போது எவர் தயவும் வேண்டியிருக்கவில்லை.

நடக்காமல் போன கவர்னர் தேர்தல்

இவ்வளவு பெரிய முடிவைச் செய்கிற கவர்னரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? ஜனங்கள் இல்லை. ராஷ்டிரபதி நியமிக்கிறார், உண்மையில் மத்திய சர்க்கார் நியமிக்கிறது. ஆனால் இந்தியாவிலும் கவர்னர் தேர்தல் நடக்கும் என்று ஒரு சமயம் தீர்மானமே ஆகியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1947 ஜூலையில் அரசியல் நிர்ணய சபையில், சர்தார் பட்டேலின் தலைமையில் இருந்த கமிட்டி ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் வயது வந்தோர் அனைவரும் வோட்டுப் போட்டு நேராகக் கவர்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அது. சபையும் ஒப்புக்கொண்டது. 1948-இல் வெளிவந்த நகலில், நேர் தேர்தலோடு மாற்று வழி ஒன்றையும் சேர்த்தார்கள்: சட்டசபை நான்கு பெயர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது, அவர்களில் ஒருவரை ராஷ்டிரபதி நியமிப்பது.

பிறகு காற்று திசை மாறியது. தேசப் பிரிவினையின் ரத்தம் காயவில்லை. மாகாணங்கள் பிய்த்துக்கொண்டு போய்விடக்கூடாதே என்ற கவலை தலைவர்களைப் பிடித்தது. மாகாணம் முழுவதும் வோட்டு வாங்கி வந்த கவர்னர் ஒருவர், சட்டசபையின் நம்பிக்கை பெற்ற முதல் மந்திரி ஒருவர் — ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்? 1949 மே மாதக் கடைசியில் பிரஜேஷ்வர் பிரசாத் என்ற அங்கத்தினர், கவர்னரை ராஷ்டிரபதியே நியமிக்கட்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். பிரதம மந்திரி நேரு ஆதரித்தார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஆதரித்துப் பேசினார். கவர்னருக்குச் சுயமான அதிகாரம் ஒன்றும் இல்லாதபோது, அவர் தேர்தலில் வந்தால் என்ன, நியமனத்தில் வந்தால் என்ன என்பது டாக்டர் அம்பேத்கரின் வாதம். திருத்தம் நிறைவேறியது. கவர்னர் தேர்தல், ஒரு தடவைகூட நடக்காமலே செத்துப்போயிற்று.

அதிகாரம் இல்லாதவர் என்று சொல்லித்தான் கவர்னரைத் தேர்தலிலிருந்து விலக்கினார்கள். அப்படிச் சொல்லி மூன்று வருஷம் ஆவதற்குள், 375 பேர் கொண்ட சபையில் யார் ஆள்வது என்ற கேள்வி அவரிடமே வந்து நின்றது. அதிகாரம் இல்லாத நாற்காலியில் அதிகாரம் எங்கிருந்து வந்தது? வோட்டர்கள் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லாதபோது ஏற்படுகிற இடைவெளியிலிருந்து வந்தது.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவின் ஐம்பது ராஜ்யங்களிலும் கவர்னரை ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நாற்பத்தெட்டு ராஜ்யங்களில் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை. நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் இரண்டிலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்தக் கவர்னர் நம் கவர்னரைப் போன்றவர் அல்ல. நம் முதல் மந்திரியைப் போல் ஆட்சி நடத்துகிறவர்.

அங்கே ஒரு வோட்டின் மதிப்பு என்ன என்பதற்கு வாஷிங்டன் ராஜ்யத்தில் 2004-இல் நடந்த தேர்தல் சாட்சி. சுமார் 28 லட்சம் வோட்டுகள் பதிவாயின. முதல் எண்ணிக்கையில் டினோ ரோஸி 261 வோட்டு முன்னால் நின்றார். இயந்திரத்தில் மறுபடி எண்ணினார்கள். வித்தியாசம் 42 ஆகச் சுருங்கியது. பிறகு கையால் எண்ணினார்கள். கிரிஸ்டின் கிரெகோயர் 129 வோட்டில் ஜெயித்ததாக முடிவு வந்தது. அவரே கவர்னர் ஆனார்.

தேர்தல் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஜார்ஜியா ராஜ்யத்தில் 1966-இல் நடந்த கவர்னர் தேர்தலில் போ கேலவே என்பவர் முதலில் வந்தார். ஆனால் பாதிக்கு மேல் வோட்டு எவருக்கும் இல்லை. அப்படிப்பட்ட சமயத்தில் சட்டசபையே கவர்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்த ராஜ்யத்தின் அப்போதைய சட்டம். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்றது. சட்டசபையில் எதிர்க்கட்சியாருக்குத்தான் பெரும்பான்மை. 1967 ஜனவரியில் அவர்கள் இரண்டாவதாக வந்த லெஸ்டர் மாடக்ஸைக் கவர்னராக்கினார்கள். ஜனங்கள் அரைகுறையாகத் தீர்ப்புச் சொன்னால், மீதித் தீர்ப்பை வேறு யாரோ எழுதுகிறார்கள். சென்னையில் அதை எழுதியவர் கவர்னர்; ஜார்ஜியாவில் கவர்னரையே எழுதியது சட்டசபை.

கூடாமலே கலைந்த சபை

நம் பக்கத்து வீட்டுக் கதை இன்னும் விசித்திரமானது. கேரளத்தில் 1965 மார்ச்சில் தேர்தல் நடந்தது. 133 இடங்களில் மார்க்ஸிஸ்ட் கட்சிக்கு 40, காங்கிரஸுக்கு 36, கேரளா காங்கிரஸுக்கு 23. எவராலும் நிலையான ஆட்சி அமைக்க முடியாது என்று முடிவு கட்டி, சட்டசபை ஒரு நாள்கூடக் கூடாமலே கலைக்கப்பட்டது. வென்றவர்கள் நாற்காலியில் உட்காரவே இல்லை. சென்னையில் 1952-இல் இல்லாத மெஜாரிட்டி இருப்பதாக ஊகிக்கப்பட்டது. கேரளத்தில் இனிமேலும் இருக்காது என்று ஊகிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் ஊகம்தான்.

ஜனங்கள் தெளிவாகப் பேசிவிட்டால் ஊகத்துக்கு வேலையே இல்லை. 1967-இல் தமிழ்நாட்டில் தி. மு. கழகம் தனிப் பெரும்பான்மை பெற்றது. திருநின்றவூருக்குத் தெற்கே, பக்கத்திலேயே உள்ள ஸ்ரீபெரும்புதூரில் முதல் மந்திரி பக்தவத்சலமே தோற்றார். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்று கேட்டுவந்த அண்ணாதுரைக்குக் கவர்னர் உஜ்ஜல் சிங் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அவர் யோசிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

சபையே தராசு

ஊகத்துக்குக் கடிவாளம் போட நீண்ட காலம் பிடித்தது. 1969-இல் தமிழ்நாடு சர்க்கார் மத்திய, மாநில உறவுகளை ஆராய ஒரு கமிட்டியை நியமித்தது. அதன் தலைவர், முன்பு ஹைகோர்ட் பிரதம நீதிபதியாக இருந்த அதே ராஜமன்னார். கவர்னரை நியமிக்கும்போது மாநில மந்திரி சபையைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 1971-இல் அந்தக் கமிட்டி சொன்னது. 1988-இல் வந்த சர்க்காரியா கமிஷன் அறிக்கை, எவருக்கும் மெஜாரிட்டி இல்லாதபோது யாரை அழைப்பது என்பதற்கு ஒரு வரிசை போட்டுக் கொடுத்தது: முதலில், தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி; அடுத்து, மற்றவர்கள் ஆதரவோடு வரும் தனிப் பெரிய கட்சி; அதற்கப்புறம்தான் தேர்தலுக்குப் பின் சேர்ந்த கூட்டணி. இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் ஸ்ரீ பிரகாசா செய்தது பெரும்பாலும் சரி என்றே ஆகும். 1994 மார்ச்சில் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மந்திரி சபைக்கு மெஜாரிட்டி இருக்கிறதா என்பதைக் கவர்னர் மாளிகையில் எடை போடக்கூடாது. சபையில்தான் எடை போட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சபையில் எடை போடும்போதும் கை நடுங்குவது உண்டு. எம். ஜி. ஆர். மறைந்த பிறகு 1988 ஜனவரி 7-இல் பதவி ஏற்ற ஜானகி அம்மையார், 28-ஆம் தேதி பெரும் அமளிக்கிடையே வோட்டெடுப்பைச் சந்தித்தார். 30-ஆம் தேதி மந்திரி சபை நீக்கப்பட்டது. 2017 பிப்ரவரி 16-இல் பதவி ஏற்ற எடப்பாடி பழனிசாமிக்குக் கவர்னர் பதினைந்து நாள் தவணை கொடுத்தார். இரண்டே நாளில், மறுபடியும் அமளிக்கிடையே, 122-க்கு 11 என்று வோட்டெடுப்பு முடிந்தது. ஆனாலும் இவை எல்லாம் சபைக்குள், பலர் பார்க்க நடந்தவை. பேசினவர் யார், கை தூக்கினவர் யார் என்று ஊர் அறிந்தது.

கவர்னருக்கு வோட்டுப் போடும் உரிமை இந்திய வோட்டருக்கு 1947-இல் கைக்கெட்டி, 1949-இல் வாய்க்கெட்டாமல் போயிற்று. அது திரும்பி வரும் என்று எவரும் சொல்வதில்லை. வந்தால் நல்லதுதானா என்பதும் சந்தேகமே. ஆனால் வோட்டர் கேட்கக் கூடியது ஒன்று உண்டு. அவர் போட்ட வோட்டுக்கு அர்த்தம் சொல்லும் பொறுப்பு மாளிகைக்குப் போகும்போது, அது எத்தனை நாளில் சபைக்குத் திரும்பி வருகிறது என்பதே அந்தக் கேள்வி. 1952-இல் 84 நாள் ஆயிற்று. அடுத்த தடவை எவருக்கும் மெஜாரிட்டி இல்லை என்று பேப்பரில் பார்த்தால், திருநின்றவூர் வோட்டர் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று எண்ணுவதோடு நிற்க வேண்டாம். நாட்களையும் எண்ணிக்கொண்டு வரட்டும்.